நடுக்கிணற்று நல்லிணக்கம்

கிணற்றுக்கு நாற்பது அடிக்குள் எதையும் கழுவவோ, அறுக்கவோ, புதைக்கவோ கூடாது என்று நடுக்கிணற்றடியில் பிரதேச சபை ஒரு பலகை நட்டிருக்கிறது. மாசி மாதத்து ஒரு காலையில் மார்க்கண்டுவை அடித்த ஆறு பேரும் அந்த விதியை மீறவில்லை. முதல் குத்து மட்டும் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. உடனே அவர்களில் படித்த ஒருவர் நிறுத்தச் சொன்னார். மார்க்கண்டுவைக் காலில் பிடித்து இழுத்துப்போய், வேலியோரப் பூவரசு வரை தூரத்தை எட்டு வைத்து அளந்து, மிச்சத்தை அங்கே செய்தார்கள்.

இந்த நாற்பது அடிக்குக் காரணம் இருக்கிறது. தீவின் நிலம் சுண்ணக்கல். கடற்பஞ்சு போல உள்ளெல்லாம் துளை. பெய்கிற மழை அந்தத் துளைகளால் கீழே இறங்குகிறது. கீழே ஏற்கெனவே கடல் நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே அதன்மேல் மிதக்கிறது. அந்த மிதக்கும் தண்ணீர் ஊரின் நடுவில் தடிப்பு, கரையோரம் போகப்போக மெல்லிசு. கிணறு வெட்டுகிறவர் சரியான இடத்தில் நிறுத்தவேண்டும். ஒரு சாண் கூட வெட்டினால் உப்பு ஏறிவிடும். நிலத்தில் ஊற்றுவது எதுவானாலும், சவர்க்கார நுரையோ மண்ணெண்ணெயோ இரத்தமோ, அதே துளைகளால் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். நாற்பது அடி தள்ளியிருந்தால் வந்து சேரச் சற்று நாள் எடுக்கும்.

நல்ல தண்ணீர் தடிப்பாக நிற்கும் நடுவில் ஊர் இருக்கிறது. மெல்லிசாக நிற்கும் கரையோரம் கற்குழி என்கிற முப்பத்தொரு வீட்டுக் குடியிருப்பு இருக்கிறது. ஊரிலுள்ள கிணறு எல்லாவற்றையும் வெட்டியவர்கள் கற்குழிக்காரர். நடுக்கிணற்றை வெட்டியவர் மார்க்கண்டுவின் பூட்டன். வெட்டும்வரை வெட்டுகிறவர் குழிக்குள் வியர்க்கலாம், துப்பலாம், படுத்தும் எழும்பலாம். தண்ணீர் கண்ட உடனே அவர் மேலே ஏறவேண்டும். ஏணியை எடுத்துவிட்டுப் பாலும் மஞ்சளும் ஊற்றுவார்கள். அன்றிலிருந்து அவர் குடத்தோடு வந்து தள்ளி நிற்கவேண்டும். ஊர்க்காரர் யாராவது அள்ளி வார்ப்பார்கள். யாரும் வராவிட்டால் நிற்கவேண்டியதுதான். மார்க்கண்டு அன்று ஆறு மணிக்கு வந்து எட்டரை வரை நின்றார். பிறகு தன் வாளியைத் தானே இறக்கினார்.

முழங்கை இரண்டு இடத்தில் முறிந்தது. நான்கு பல் போனது. இடது காது பாதி தொங்கியது. ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் அவரைக் கிடத்திவிட்டு, தங்கை நாகபூசணி அடுத்த நாள் பிரதேச சபைக்குப் போனார். அவருக்கு நாற்பத்துமூன்று வயது. வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை. அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்தால் திரைந்துவிடும். அவர் கொடுத்த கடிதத்தில் ஒரு வரிதான் இருந்தது: எங்கள் பூட்டன் வெட்டிய கிணற்றில் எங்கள் கையால் அள்ள எங்களை விடவேண்டும்.

கடிதம் நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தது. சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் நடராசா இரண்டு கிழமைக் கல்விச் சுற்றுலா முடித்து அவுஸ்திரேலியாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். அங்கே ஓர் உள்ளூராட்சிக் கூட்டத்துக்கு அவரைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். கூட்டம் தொடங்கமுன் எல்லாரும் எழுந்து நின்று, அந்த மண்ணின் ஆதிக்குடிகளைத் தாங்கள் மதித்து ஏற்றுக்கொள்வதாக வாசித்துவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார்களாம். எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தவிசாளர் விசாரித்தார். நாற்பது விநாடி என்றார்கள். வாசித்த பிறகு மண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்றும் விசாரித்தார். அது வேறு திணைக்களம் என்றார்கள். இவ்வளவு சிக்கனமான ஒரு முறையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று அவர் சபையில் சொன்னார்.

அதே முறையை இங்கும் கைக்கொள்ளும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கற்குழிக்காரரை என்ன பெயரால் அழைப்பது என்பதில் மட்டும் ஒரு மணித்தியாலம் விவாதம் நடந்தது. சாதி ஒழிந்துவிட்டதாக முன்னொரு தீர்மானம் இருந்தபடியால் அந்தச் சொல்லைச் சபைக்குள் எடுக்க இயலாது. கடைசியில் ‘முன்குடியினர்’ என்று வைத்தார்கள்.

பங்குனிக் கூட்டத்துக்கு நாகபூசணியை அழைத்தார்கள். தன் கடிதத்துக்குப் பதில் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி, அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். உறுப்பினர்களுக்கு மரக் கதிரை. அவருக்கென்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கதிரை புதிதாக வாங்கிப் போட்டிருந்தார்கள். உறுப்பினர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு கண்ணாடித் தம்ளரில் நடுக்கிணற்றுத் தண்ணீர் இருந்தது. அவர் முன் மூடி திறக்காத சோடாப் போத்தல் ஒன்று இருந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். செயலாளர் வாசித்தார்:

“இப்பிரதேசத்தின் நன்னீர்க் கிணறுகளைத் தம் கையால் வெட்டித் தந்த முன்குடியினரை, அவர்களில் இறந்தோரை, இருப்போரை, இனி வரவிருப்போரை இச்சபை மதிப்புடன் ஏற்றுக்கொள்கிறது.”

வாசித்து முடித்ததும் எல்லாரும் இருந்து ஆளுக்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்கள். நாகபூசணி நின்றபடியே கேட்டார்.

“அப்ப ஐயா, நாளைக்கு அள்ளலாமோ?”

தவிசாளர் பொறுமையாக விளக்கினார். “ஏற்றுக்கொள்ளுறது வேற, அள்ளுறது வேற, அக்கா. ஏற்றுக்கொள்ளுறது சபையின்ரை வேலை. அள்ள விடுறது சனத்தின்ரை வேலை. நாங்கள் எங்கட பங்கை இண்டைக்கு முடிச்சிட்டம்.”

நாகபூசணி போன பிறகு சிவப்புக் கதிரையைக் கழுவி வெளி விறாந்தையில் கவிழ்த்து வைத்தார்கள். நாற்பது அடிக்குள் கழுவக்கூடாது என்ற விதி கிணற்றடிக்குத்தான். சபை மண்டபத்துக்கு இல்லை.

ஆனால் சபை அத்தோடு நிற்கவில்லை. நல்லிணக்க உத்தியோகத்தர் துஷாந்தி இருபத்தெட்டு வயதுப் பட்டதாரி, தான் எழுதும் எல்லாவற்றையும் மனதார நம்புகிறவர். மார்க்கண்டுவின் மருத்துவ அறிக்கையை அவர் கவனமாக வாசித்தார். முழங்கை முறிந்த ஒருவரால் தண்ணீர் இழுக்க இயலாது என்பது அவருக்குத் தோன்றியது. ஆகவே கற்குழியாருக்காகச் சபையே அள்ளி வார்க்கும் ஒரு சேவையை வகுத்தார். ஊர்ப் பையன்களில் ஒருவரான சுலக்சன் அதற்கு நியமனமானார். நீல நிறச் சேட்டு, மார்பில் பெயர்ப்பட்டி. காலை ஆறு தொடக்கம் ஏழு மட்டும் அவர் அள்ளுவார். கற்குழிக்காரர் வரிசையாகத் தள்ளி நிற்பார்கள். அவர் கொண்டுபோய் வார்ப்பார். குனியவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம் என்று துண்டுப்பிரசுரம் அடித்தார்கள்.

நூறு வருசமாக நடந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சேட்டு மட்டும்தான் என்று நாகபூசணிக்குப் பட்டது. அதைத் துஷாந்தியிடம் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். “பிள்ளை, எங்கட கையை முறிக்காமல் விட்டால் நாங்களே அள்ளுவம்.”

துஷாந்தி அதைப் பயனாளியின் நேர்மறையான கருத்து என்று பதிந்துகொண்டார்.

சபைச் செலவில் கற்குழிக்காரருக்குத் தனி வேலைக்காரனோ என்று ஊருக்குள் கதை எழும்பியது. ஒன்பதாம் நாள் காலை மதிலுக்கு அப்பாலிருந்து கல் வந்தது. சுண்ணக்கல் எறிவதற்கு ஏற்ற கல். கையில் இலேசாக இருக்கும், உடைந்த ஓரம் சவர அலகு போல வெட்டும். பதினொரு குடம் உடைந்தது. ஒரு பெண்ணுக்கு நெற்றி பிளந்து கண்மேல் தொங்கியது. இன்னொருத்தியின் தாடை விலகியது. நாகபூசணிக்குத் தோளில் விழுந்தது. சுலக்சன் ஏழு மணி மட்டும் கடமை என்றபடியால் ஏழு மணி மட்டும் அள்ளினார். வரிசை ஓடிப்போன பிறகும் ஒவ்வொரு வாளியாகக் கொண்டுவந்து உடைந்த ஓடுகளின்மேல் வார்த்தார். ஏழுக்கு வாளியைக் கவிழ்த்துவிட்டு, வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தார்.

அன்றே நாகபூசணி சபைக்குப் போனார். உடுப்பில் இன்னும் மற்றவர்களின் இரத்தம் இருந்தது. துஷாந்தி அவரை இருத்திவிட்டு, நல்லிணக்கக் கோவை திறப்பதற்கான படிவத்தை எடுத்தார். கொழும்பிலிருந்து வந்த படிவம். அதில் இரண்டு நிரல். தரப்பு ஒன்றின் காயங்கள், தரப்பு இரண்டின் காயங்கள். இரண்டும் நிரம்பினால்தான் கோவைக்கு இலக்கம் கிடைக்கும்.

“அக்கா, நீங்கள் ஆரையும் அடிச்சனீங்களோ?”

“இல்லை.”

“கல்லு, தடி, ஒண்டும் எறியேல்லையோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“குடத்தோட நிண்டனாங்கள், பிள்ளை. ரெண்டு கையிலையும் குடம்.”

துஷாந்தி உண்மையாகவே கவலைப்பட்டார். “அங்கதான் சிக்கல். ஒரு பக்கம் மட்டும் அடிச்சால் அது சண்டை இல்லை, அக்கா. சண்டை இல்லாமல் நான் என்னத்தைச் சமாதானப்படுத்துறது?”

துஷாந்தி விடாமுயற்சியுள்ளவர். இரண்டு நாள் தேடி, இரண்டாம் நிரலுக்கு வேண்டியதைக் கண்டுபிடித்தார். மாசியில் மார்க்கண்டுவின் வாயில் குத்தியவருக்கு, உடைந்த பல் ஒன்று விரல் மொளியில் இறங்கிச் சீழ் வைத்திருந்தது. மனிதப் பல்லினால் ஏற்பட்ட ஆழமான காயம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நிரல் நிரம்பியது. கோவைக்கு இலக்கம் வந்தது. மனிதப் பல்லினால் காயம் ஏற்படுத்துவது குற்றம் என்றபடியால், பொலிசார் ஆசுபத்திரிக்குப் போய் மார்க்கண்டுவைக் கைது செய்தார்கள். கையில் பாரிஸ் சாந்துக் கட்டு இருந்தது, விலங்கு கொள்ளவில்லை. கணுக்காலில் போட்டுக் கட்டிலோடு பூட்டினார்கள்.

இனி நல்லிணக்கத்துக்குத் தடை ஒன்றும் இல்லை. வைகாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை நடுக்கிணற்றடியில் மேடை போட்டார்கள். நிகழ்ச்சியின் உச்சம் ஆயுத ஒப்படைப்பு. இரு தரப்பும் தங்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து மேடைக்கு முன் விரித்த பாயில் வைத்துவிட்டுக் கைகுலுக்க வேண்டும். ஊர்த் தரப்பிடம் வேண்டிய அளவு இருந்தது. கற்குழியாரிடம் ஒன்றும் இல்லை என்று முந்தின நாள் தெரியவந்தது. வெறுங்கையோடு ஒரு தரப்பு எப்படி ஒப்படைப்பது? சபையின் வேலைப்பகுதிக் களஞ்சியத்தைத் திறந்து, கல் பெயர்க்கிற மூன்று இரும்பு அலவாங்கும் ஐந்து மண்வெட்டிப் பிடியும் எடுத்துக் கற்குழியின் எட்டுப் பேருக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். நாகபூசணிக்கு ஓர் அலவாங்கு கிடைத்தது.

“இது என்னத்துக்கு?” என்று கேட்டார்.

“ஒப்படைக்கிறதுக்கு,” என்றார் துஷாந்தி.

“எங்களிட்டை இல்லாததை என்னெண்டு ஒப்படைக்கிறது?”

“அதுதானே இப்ப தாறம்.”

ஒப்படைத்தால் அள்ள விடுவார்களோ என்று நாகபூசணி கேட்டார். கைகுலுக்கிய பிறகு அதுவும் பேசப்படும் என்று துஷாந்தி உறுதி சொன்னார். அதற்காக மட்டுமே அவர் அலவாங்கைத் தோளில் வைத்தார்.

சனிக்கிழமை தவிசாளர் பேசினார். வழக்கம்போல மனதிலிருந்து பேசினார். “நாங்கள் ஒருநாளும் ஒருத்தரையும் ஒதுக்கினதில்லை. எங்கட மதில் கட்டினது அவை. எங்கட தோட்டம் கொத்தினது அவை. எங்கட பிணம் எரிய விறகு அடுக்கினது அவை. அவையில்லாமல் இந்த ஊரிலை ஒரு அலுவலும் நடக்காது. அவை குடிக்கேக்கை மட்டும்தான் ஒரு சின்னப் பிரச்சினை. ஒரு வாளித் தண்ணிக்காக இவ்வளவு காலத்து உறவைக் கெடுக்கலாமோ எண்டு நான் அவையிட்டை அன்பாய்க் கேக்கிறன்.” கைதட்டினார்கள்.

இனி நடந்ததை ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் யாரும் திட்டமிட்டு ஒன்றும் செய்யவில்லை. எந்த வைபவத்திலும் ஊர்க்காரர்தான் முதலில் போவது வழக்கம். அன்றும் முதலில் போனார்கள். கொடுவாக் கத்தி, சைக்கிள் சங்கிலி, இரும்புக் குழாய், வாள் ஒன்று. எல்லாவற்றையும் பிடி வெளிப்பக்கம் பார்க்கப் பாயில் வரிசையாக அடுக்கிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி நின்றார்கள். திரும்பியபோது, கற்குழிக்காரர் எட்டுப் பேர் அலவாங்கும் மண்வெட்டிப் பிடியுமாகத் தங்களை நோக்கி வருவதைக் கண்டார்கள். தங்கள் சீவியத்தில் இப்படி ஒரு காட்சியை அவர்கள் கண்டதில்லை. பாய் மூன்று எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. பிடிகள் கைக்கு வாகாகவும் இருந்தன.

முதல் வெட்டு, முன்னால் வந்த பெண்ணின் தோள்மூட்டில் இறங்கியது. அடுத்தவர் மண்வெட்டிப் பிடியை ஒப்படைக்க நீட்டியபடியே நின்றார். நீட்டிய விரல்களில் இரண்டு பாயில் விழுந்தன. சங்கிலி ஒருவரின் முகத்தைச் சுற்றி, திரும்ப இழுத்தபோது கன்னத்தைக் கொண்டுபோனது. விழுந்தவர்களின்மேல் கதிரைகளால் அடித்தார்கள். பிளாஸ்டிக் கதிரை உடையும்போது கால் கூராக முறிகிறது, அதனால் குத்தினார்கள். மேடைத் தூண் சரிந்து, தவிசாளர் மேசைக்குக் கீழே போனார். ஒலிவாங்கி கையில் இருந்தபடியால், இது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது சந்தி வரை கேட்டது. பொலிசாருக்குக் கிடைத்த கட்டளை, கற்குழியாரின் ஆயுதங்கள் அமைதியாகக் கைமாறுவதை உறுதிசெய்வது. கற்குழியாரின் கையில் இப்போது ஆயுதம் ஒன்றும் இல்லை என்று கண்டு, அவர்கள் பணி முடிந்ததாகக் குறித்துக்கொண்டார்கள்.

நாகபூசணியின் நெற்றி பிளந்தது; வலது கையில் குழாய் விழுந்து எலும்பு வெளியே வந்தது. அலவாங்கு நழுவியது. அவர் அதைத் திரும்ப எடுக்கவில்லை. ஒருவரும் பார்க்காத பக்கம் ஒன்று இருந்தது; அது கிணறு. அங்கே போய், இடக்கையால் வாளியை இறக்கினார். இழுக்கும்போது கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்து, பிறகு அதே கையால் பிடியை மாற்றி, திரும்பவும் கடித்துப் பிடித்து இழுத்தார். கப்பி கிரீச்சிட்டது. அந்தச் சத்தம் ஊருக்குப் பழக்கமானது. யார் இழுக்கிறார்கள் என்று பார்க்க எல்லாரும் திரும்பினார்கள். அடி நின்றது.

அவர் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்து, முகத்தை இறக்கிக் குடித்தார். நெற்றி இரத்தம் தண்ணீரில் விழுந்தது. நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“நல்ல தண்ணிதான்.”

ஊரில் இரண்டு கட்சி. கோயில் திருவிழாவில் யார் வடம் தொடுவது என்று இருபது வருசம் வழக்காடுகிறவர்கள். அன்று ஒரு சொல் பேசாமல் ஒன்றுசேர்ந்தார்கள். துஷாந்தி வாழ்நாளில் காண விரும்பிய ஒற்றுமை அதுதான். ஆனால் அவர் அப்போது ஒரு பெண்ணின் தோளைச் சீலையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சபையின் வாகனக் கொட்டகையில் இரண்டு பீப்பாய் கழிவு ஒயில் இருந்தது. தவிசாளர் மேசைக்குக் கீழிருந்து கொட்டகைப் பூட்டின் திறப்பை நீட்டினார். உருட்டிக்கொண்டுவந்து, இரண்டையும் நடுக்கிணற்றில் கவிழ்த்தார்கள்.

ஒயில் நல்ல தண்ணீரைவிட இலேசானது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதப்பதுபோல, ஒயில் நல்ல தண்ணீரின்மேல் மிதந்தது. பிறகு துளைகளால் நடந்தது. நாற்பது அடியை நான்கு நாளில் கடந்தது. மூன்றாம் கிழமை ஊரின் நடுவிலிருந்த எல்லாக் கிணற்றிலும் நாற்றம் எழும்பியது. கற்குழியின் உப்புக் கிணறுகளுக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

சபையின் ஆண்டறிக்கை இதைச் சாதனைப் பகுதியில் சேர்த்திருக்கிறது. வரலாற்றில் முதற்தடவையாக ஊராரும் முன்குடியினரும் ஒரே நீரைக் குடிக்கிறார்கள் என்கிறது அது. அது பொய்யில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியால் கிழமைக்கு மூன்று தரம் சபையின் தண்ணீர்ப் பவுசர் வருகிறது. ஒரே தாங்கி. சேவையில் அனுபவம் உள்ளவர் என்று சுலக்சனுக்கே சாரதி வேலை கொடுத்தார்கள். முன்பு ஒரு குழாய்தான் இருந்தது. ஒட்டுவேலைக்காரரைக் கூப்பிட்டு மற்றப் பக்கத்தில் இன்னொன்று பொருத்தினார்கள், கற்குழிக்கு. ஊர்க் குழாய் தாங்கியின் அடியில் இருக்கிறது. கற்குழிக் குழாய் நடுவில். தண்ணீர் தன் மட்டத்துக்கு மேலே உள்ள துளையால் வராது. ஆகவே தாங்கி பாதியானதும் கற்குழிக் குழாய் தானாக நின்றுவிடும். அங்கே யாரும் யாருக்கும் இல்லையென்று சொல்ல வேண்டியதில்லை. சபை இதுவரை செய்தவற்றில் மிகத் திறமான வேலை அதுதான்.

ஆவணி மாதம் ஒரு பத்து மணி வெயிலில் அந்தக் குழாய் நின்றது. வரிசையில் அடுத்த ஆள் நாகபூசணி. வலது கை இன்னும் கழுத்தில் மாட்டிய தூக்குத் துணியில் இருந்தது. மார்க்கண்டுவுக்கு இன்னும் பிணை கிடைக்கவில்லை. நாகபூசணி வாளியோடு பவுசரைச் சுற்றி மற்றப் பக்கம் வந்து, வரிசைக்கு முன்னால், அடிக் குழாயின் கீழ் வாளியை வைத்தார்.

சுலக்சன் சாரதிக் கதவில் சாய்ந்து நின்றார். “அக்கா, உங்கட குழாய் மற்றப் பக்கம்.”

“அது நிண்டிட்டுது, தம்பி.”

“தெரியும்,” என்றார் சுலக்சன். பிறகு உள்ளே ஏறிக் கதவைப் பூட்டி, கண்ணாடியையும் உயர்த்திக்கொண்டார்.

நாகபூசணி இடக்கையால் குழாயைத் திறந்தார். தாங்கி பாதியாக இருக்கும்போது ஒரு வாளி நிறைய ஏறக்குறைய முக்கால் நிமிடம் எடுக்கும். பின்னால் ஊர் வரிசையில் நின்றவர்கள் தங்கள் வாளிகளை ஒவ்வொன்றாக நிலத்தில் வைத்தார்கள். மனிதருக்கு இரண்டு கைதான் இருக்கிறது. கல்லைத் தூக்க முதல் வாளியை வைக்கவேண்டும். வாளிகள் தாரில் முட்டுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாளி நிறைய இன்னும் ஒரு சாண் இருந்தது.